செத்தலுக்குப் பிறகு ஒரு பிடி அரிசி

எங்கள் தீவுக் கிராமமான சரவணையில் மில்லின் கதவு பல வருடம் பூட்டிக் கிடந்தது. அயலூர்களுக்கெல்லாம் மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல் மா, அரிசி மா திரித்துக் கொடுத்த மில் அது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வளர்ந்த பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். யார் வீட்டுத் தூளில் மல்லி கூட, யார் வீட்டில் சீரகம் குறைவு என்பது பையை அவிழ்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். கடைகளில் பக்கற்றுத் தூள் வந்தபின் மில் நின்றுவிட்டது.

போன வருடம் தீவகத்தின் பழைய தொழில்களைக் காட்டும் விழா ஒன்றுக்காக, வெளிநாட்டிலிருக்கும் ஊரவர்களின் உதவியோடு சனசமூக நிலையம் மில்லைத் திருத்தியது. எஞ்சினுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தார்கள். விழா முடிந்ததும் சுற்றிவரக் கயிறு கட்டி, தொடக் கூடாது என்று பலகை வைப்பதாகத் திட்டம். எனக்கு மனம் கேட்கவில்லை. நிலையத்துக் கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின் தலைவரிடம் போனேன்.

"அண்ணை, இது திரிக்கட்டும். நான் சும்மா வந்து நிண்டு ஓட்டுறன்."

"சனம் வருமே?" என்றார் அவர். "சரி, விழா நாளண்டு ஓட்டிக் காட்டும், பாப்பம். ஒழுங்கா மா விழுந்தா சனிக்கிழமையில திறப்பம். பிழைச்சா கயிறுதான்."

விழா நாளில் கைப்பிடியைச் சுற்றினேன். மூன்றாம் முறை எஞ்சின் பிடித்தது. வாசலில் நின்ற பெண்கள் கதையை நிறுத்தினார்கள். அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருடம்.

கனடாவிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பிள்ளையாருக்கு மோதகம் அவிக்கப் பச்சையரிசியைச் சுளகில் கொண்டு முதல் ஆளாக நின்றார். தலைவர் மைக்கில் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அரிசி கொட்டும் தகர வாயின் விளிம்பில் சிவப்புத் தூசியைக் கண்டேன். நிலையத்துப் பெடியள் முதல்நாள் செத்தல் மிளகாய் திரித்துப் பரீட்சை பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் மில்லில் செத்தல் திரிக்க வருகிறவர் ஒரு பிடி அரிசியும் கொண்டுவர வேண்டும். கல்லுக்குள் மிஞ்சிய காரம் அந்த அரிசியோடு வெளியே வந்துவிடும். சிவந்த அந்த மாவை அவரே கொண்டுபோய் மீன் பொரிக்கப் பிரட்டுவார். அரிசி கொண்டுவராத ஆளை அடுத்ததாக நிற்கிற பெண்கள் விடமாட்டார்கள். பெடியளுக்கு இது எங்கே தெரியும்?

ஆசிரியை சுளகைச் சரித்தார். நான் தகர வாயைக் கையால் மூடினேன்.

தலைவர் பேச்சை நிறுத்தினார். "என்ன, பிழைச்சுப் போச்சோ?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "செத்தல் ஓடியிருக்கு, அண்ணை. பிடியரிசி போடேல்லை."

ஆசிரியைக்கு உடனே விளங்கியது. "ஆரப்பா திரிச்சது? பிள்ளையாருக்கு விக்கல் எடுக்க வைக்கப் பாத்தியளோ?"

பின்னால் நின்ற ஒருத்தி பெடியன் ஒருவனைப் பிடித்துக்கொண்டாள். "கொம்மா இதெல்லாம் சொல்லித் தரேல்லையோடா?"

"அம்மா பக்கற்றுத்தான், அன்ரி."

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. ஆசிரியை தன் சுளகிலிருந்தே ஒரு பிடி அள்ளித் தந்தார். போட்டேன். மா இளஞ்சிவப்பாக வந்தது. அதைப் பையில் கட்டிப் பெடியனிடம் கொடுத்தேன். பிறகு மோதக அரிசியைக் கொட்டினோம். வெள்ளை வெளேரென்று மா விழுந்தது. ஆசிரியை கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஒரு எரிச்சலும் இல்லை. வலு திறம்."

தலைவர் மைக்கை என்னிடம் நீட்டினார். "பிடியரிசிக் கதையை நீரே சொல்லும்." நான் எஞ்சின் சுழற்றும் பட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவரே சொன்னார், பாதி பிழையாக. நான் திருத்தவில்லை.

"அப்ப சனிக்கிழமை எத்தினை மணிக்குத் திறப்பீர்?" என்று கேட்டார்.

நான் யோசிப்பதற்குள் வரிசையில் நின்ற பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள். "விடிய எட்டுக்கு. முதல்ல மா. செத்தல்காரர் மத்தியானத்துக்குப் பிறகு வரட்டும்."

ஓம் என்றேன்.