காகத்தைத் துரத்திய சனிக்கிழமை

2009 புரட்டாதி மாதம். ஜெர்மனியிலிருந்து லண்டனுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. குட்மேய்ஸில் எங்கள் வாடகை வீட்டின் பின்பக்கம் சின்னப் புல்வெளியும், அதன் முடிவில் ஒரு செங்கல் மதிலும் உண்டு.

அப்போது என் தம்பி, இலங்கையில் போர் முடிந்தபின் சனங்களை அடைத்து வைத்த வவுனியா முகாமில் இருந்தான். ஐந்து வாரமாக அவனிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அங்கே போக முடியாத என்னால் செய்ய முடிந்தது விரதம் ஒன்றுதான். புரட்டாதிச் சனி என்றால் சமைத்து, சனீஸ்வரனின் வாகனமான காகத்துக்கு வைத்து, அது தின்ற பிறகுதான் நாம் சாப்பிட வேண்டும். ஜெர்மனியில் ஐந்தாம் மாடியில் இருந்ததால் சாமிப் படத்துக்குப் படைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தேன். தம்பிக்காகப் பிடிக்கும் விரதத்தில் அப்படிச் சமாளிக்க மனம் வரவில்லை.

முதற் சனி பதினொரு மணிக்கு இலைத்துண்டில் சோறு, பருப்பு, ஒரு வடை, பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் என்று மதிலில் வைத்தேன். புறாக்கள் வந்து சோற்றைக் கிளறின. அணில் வடையோடு ஓடிவிட்டது. பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்த கணவர் சிரித்தார். அவர் விரதம் பிடிக்கிற ஆள் இல்லை. பாணும் சம்பலும் பெட்டியில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்.

“புறா திண்டாப் போதாதே? இந்த ஊர்க் காகத்துக்கு விரதச் சோறெண்டா என்னெண்டு தெரியும்? நீர் சாப்பிடும்.”

“ஏலாது. காகம் தொடாமல் நான் சாப்பிட மாட்டன்.”

அன்று முழுக்கத் தண்ணீர்தான்.

அடுத்த சனி சமைத்து மதிலில் வைத்துவிட்டு, குசினி யன்னலோடு கதிரையைப் போட்டுக் காவலிருந்தேன். புறாவோ அணிலோ வந்தால் கண்ணாடியில் படபடவென்று தட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் வேறு என்னென்னவோ கண்ணில் பட்டது. உடுப்புக் காயப்போடும் கம்பியில் ஒரு சிலந்தி வலை, காலைத் தூறலை மணிமணியாகக் கோத்து வைத்திருந்தது. வெயில் வந்ததும் மதிலில் படர்ந்திருந்த கொடியில் தேனீக்கள் மொய்த்தன. குளிர் தொடங்கும் நேரத்தில் பூக்கிற கொடியும் இந்தத் தீவில் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. ஆறு மாதம் அந்த வீட்டில் இருந்தும் இதில் ஒன்றையும் நான் கவனித்ததில்லை. காகம் மட்டும் வரவில்லை. எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது.

இரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண், தபால் வேலை செய்பவர். சோறு போட்டால் எலி வரும், கவுன்சிலுக்குச் சொல்லப் போகிறேன் என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவரோ, காலையிலிருந்து யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று கேட்டார். காகத்துக்கு என்றேன். அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய் எங்கள் கூரையைக் காட்டினார்.

புகைபோக்கியில் இரண்டு காகங்கள் இருந்தன. அவை காலையிலிருந்தே அங்கேதான் இருக்கின்றன, நீ கண்ணாடியைத் தட்டும்போதெல்லாம் இறங்க வந்து திரும்பிப் போகின்றன என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

உள்ளே வந்து திரையை இழுத்துவிட்டு இடுக்கால் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று இறங்கியது. மற்றது மேலேயிருந்து காவல் பார்த்தது. இறங்கிய காகம் வடையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு, ஊறவிட்டு, நிதானமாகத் தின்றது. பிறகு அது மேலே போக, மற்றது இறங்கியது. நான் திரையைப் பிடித்தபடி அழுதேன்.

மூன்று மணிக்கு இவர் வந்ததும் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ எடுத்தேன். கனத்தது. பாண் கட்டினபடியே இருந்தது.

“நீங்கள் சாப்பிடேல்லையே?”

“அவன் எனக்கு மச்சானெல்லே” என்றார். “காகம் வந்ததோ?”

சில மாதங்களில் தம்பி வெளியே வந்தான். அது காகத்தால் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்றும் புரட்டாதிச் சனியில் இலையை மதிலில் வைத்ததும் முதலில் கூரையை அண்ணாந்து பார்க்கிறேன், பிறகு திரையை இழுத்துவிடுகிறேன். இவர் வேலையால் வந்ததும் சாப்பாட்டுப் பெட்டியை ஒருமுறை தூக்கிப் பார்க்கிறேன்.