எடுத்து எழுதாத ஒரு வரி

முதலில் கண்கள்தான் சிவந்தன. என் கணவர் மின்துறையில் லைன்மேன். அன்று கோவில்பத்தில் கம்பம் ஏறிவிட்டு வந்திருந்தார். தூசி விழுந்திருக்கும் என்று நானே டாக்டராகித் தண்ணீரில் கழுவச் சொன்னேன். மறுநாள் காலையில் உதடெல்லாம் கொப்புளம். மார்பைத் துண்டால் ஒற்றியபோது தோல் துண்டோடு வந்துவிட்டது.

இரண்டு நாள் முன்புதான் நீர்க்கடுப்புக்கு மாத்திரை வாங்கி வந்திருந்தார். முதல் மாத்திரையைத் தண்ணீரோடு எடுத்துக் கொடுத்தவள் நான்.

புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் நோயின் பெயரைச் சொன்னார்கள்: ஸ்டீவன்ஸ்-ஜான்சன் (மருந்து ஒவ்வாமல் போய்த் தோலும், வாய், கண் இவற்றின் உட்சவ்வும் கொப்பளித்து உரிவது). மாத்திரையில் சல்ஃபா (கிருமிகளை அடக்கும் ஒரு மருந்து வகை) இருந்ததாம்.

"இதுக்கு முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்காம்மா?" என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

காரைக்காலில் எங்கள் குடும்ப டாக்டரோடு இருபது வருடப் பழக்கம். வீட்டுக்கு ஒரு நோட்டு என்பது அவர் கிளினிக்கின் வழக்கம். வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அதே நோட்டில் எழுதி நம் கையிலேயே கொடுத்துவிடுவார். அவரிடம் வேறு பதிவு எதுவும் கிடையாது. பல வருடங்களுக்கு முன் இதே போல ஒரு மாத்திரையால் என் கணவருக்கு உதடு வெடித்தபோது, நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ‘சல்ஃபா கூடாது’ என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார்.

அந்த நோட்டு தீர்ந்ததும் புது நோட்டு வாங்கினேன். நான் நெரவியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். ஒரு பதிவேடு முடிந்தால், வேண்டியதையெல்லாம் அடுத்ததில் எடுத்து எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். வீட்டு நோட்டுக்கு அழகாக அட்டை போட்டேன், பெயர் எழுதினேன். அந்த ஒரு வரியை எடுத்து எழுதவில்லை.

இதைவிட என்னை அரிப்பது இன்னொன்று. என் கணவருக்கு இந்த நோய் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு டாக்டர் ஏதோ தரச் சான்றுக்கு விண்ணப்பித்திருந்தார். கிளினிக் பாதுகாப்பாக நடக்கிறதா என்று பார்க்க வந்த ஒரு பெண், காத்திருந்த என் பக்கத்தில் படிவத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"ஒத்துக்காத மருந்து இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கேப்பாங்களாம்மா?"

"எதுக்குங்க கேக்கணும்? டாக்டருக்கு எங்க குடும்பத்தையே தெரியும்." சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை.

"அவர் இல்லாத அன்னிக்கு வேற டாக்டர் பாத்தா?"

"அதான் நோட்டு இருக்குல்லங்க."

"அத ஒரு நிமிஷம் பாக்கலாமா?"

பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். எனக்கு வெள்ளைப்பட்டது வரை அதில் எழுதியிருந்தது. "அது எங்க வீட்டு விஷயங்க" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. குற்றம் கண்டுபிடிக்க வந்தவளிடமிருந்து டாக்டரைக் காப்பாற்றிவிட்டதாக வீட்டில் பீற்றிக்கொண்டேன். அந்தப் பெண் புது நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்திருந்தால், ஒவ்வாமையை எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார். எனக்கும் அங்கேயே உறைத்திருக்கும்.

என் கணவர் நீர்க்கடுப்புக்காகக் கிளினிக்குக்குப் போன அன்று டாக்டர் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக இருந்த இளைய டாக்டர் நோட்டைப் புரட்டினார், ஒன்றும் கேட்கவில்லை. என் கணவரும் நோட்டில் இருக்கிறதே என்று வாயைத் திறக்கவில்லை.

பிறகு எங்கள் டாக்டர் கோட்டுச்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்தார். "எங்கிட்டயும் ஒரு பதிவு வச்சிருக்கணும்மா. தெரியும் தெரியும்னே இருந்துட்டேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் கோபம் வரும்போதெல்லாம் மடியில் இறுக்கிய பையும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

இதைப் படிக்கும் உங்களுக்கும் கைராசியான டாக்டர் ஒருவர் இருப்பார். அவர் இல்லாத நாளில் அந்த இடம் உங்களை எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு முறை யோசியுங்கள். யாராவது படிவத்தோடு வந்து கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

என் கணவருக்குத் தோல் வளர்ந்துவிட்டது. கண்ணில் நீர் சுரப்பது மட்டும் திரும்பவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட வேண்டும். சர்ச்சில் பூசைக்குப் போவதும் சாப்பிடுவதும் இரண்டு சொட்டுக்கு நடுவில்தான். வெயிலில் அண்ணாந்து பார்க்க முடியாததால் ஆபீசில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

நோட்டு விஷயத்தை அவரிடம் ஒரு மாதம் மறைத்தேன். ஒரு நாள் மதியம் சொட்டு விட்டுக்கொண்டே சொன்னேன். "நாந்தாங்க அத எழுதாம விட்டேன்."

"சரி விடு, ரீத்தா" என்றார். முன்பெல்லாம் கண்ணைப் பார்த்தாலே அவர் மனம் தெரிந்துவிடும். இப்போது பார்த்தேன், நான் விட்ட மருந்துதான் வழிந்துகொண்டிருந்தது.

"அழுறீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார்.