சுக்கான் பட்டையும் மூன்று கீல்களும்

ரிமோட் விமானத்துக்குக் கீல் சரிசெய்கிறவனுக்கு வானத்தை அண்ணாந்து பார்க்கவே பயம். பிரேக் கட்டை மாற்றிக் கொடுத்த சைக்கிள் மேம்பாலத்தில் இறங்குவதை நின்று பார்த்தவர்களே, நீங்களும் என் ஜாதிதான். எண்பதுகளின் கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். ரேடியோவோடு நிறுத்தியிருக்கலாம்.

கோணல்

வெங்கடேசன் சேலையூரில் குடியிருந்த பேங்க் ஆபீசர். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த விமானத்தைத் தானே பூட்டி, வற்றிய ஏரித் தரையில் பறக்கவிட்டிருக்கிறார். அது இடப்பக்கமே சுற்றிச் சுற்றி வந்து சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டது. ரேடியோவில் ஓடுவதுதானே என்று என் கடைக்குத் தூக்கிவந்தார்.

வாலில் ஆடும் சுக்கான் பட்டைதான் விமானத்தைத் திருப்புவது. அதைப் பிடித்திருக்கும் மூன்று கீல்களும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். நடுக்கீல் ஒரு நூல் விலகியிருந்ததால், திரும்பிய பட்டை திரும்பியபடியே நின்றுவிட்டது. மூன்றையும் பிடுங்கி, பென்சில் கோடு போட்டுப் புதிதாகப் பதித்தேன். வெங்கடேசன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "நான் நேராத்தான் வெச்சேன் சார், ப்ளேன்தான் கோணலா வந்திருக்கு."

மிஞ்சிய கம்பி

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் விமானத்தை வாங்கிக்கொண்டு போன பிறகு மேசையைத் துடைத்தேன். கையில் ஓர் ஊசிக் கம்பி தட்டுப்பட்டது. கீல் கழன்றுவிடாமல் உள்ளே ஓடுகிற கம்பி அது. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஏரிக்கு சைக்கிளை மிதித்தேன்.

விமானம் ஏற்கெனவே மேலே இருந்தது. கீழே கிரிக்கெட் ஆடுகிறவர்கள், மேய்கிற எருமைகள். பட்டை பிய்ந்தால் யார் தலையில் விழும்? அது இறங்கும்வரை வாலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்று கீலிலும் கம்பி இருக்கிறது. மிஞ்சியது, நான் பிடுங்கிப்போட்ட பழைய கீலினுடையது. கம்பியைக் காட்டி, நான் பயந்த கதையை வெங்கடேசனிடம் சொன்னேன். எருமைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், ப்ளேன வுட்றது அவுரு, வேர்த்துக்கினு கீறது நீயா?"

ஆயுத பூஜை

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று, பூஜை முடிந்த கையோடு வெங்கடேசன் விமானத்தை ஏரிக்குக் கொண்டுவந்தார்; என்னையும் வரச் சொல்லியிருந்தார். அவர் மனைவி கோமதியும் முதல்முறையாக வந்து கரையில் பொரியும் கடலையுமாக உட்கார்ந்தார். விமானம் முழுக்கச் சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. சுக்கானை ஆட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஆடியது. கிரிக்கெட் முடியட்டும் என்று ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருந்துவிட்டு ஏற்றினோம்.

மேலே போனது எந்தப் பக்கமும் திரும்பவே இல்லை. நேராகக் கோமதி உட்கார்ந்திருந்த கரையைப் பார்த்துப் போனது. "எந்திரிம்மா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வெங்கடேசன் இன்ஜினை அடக்க, அவருக்குப் பத்தடி தள்ளி வேலிக்காத்தான் புதரில் சொருகிக்கொண்டது. என் கீல்தான் ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தது என்றே நினைத்தேன். புதரிலிருந்து இழுத்து வாலைப் பார்த்தேன். மூன்று கீலின் மேலும் தடிமனாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். காலையில் ஈரமாக இருந்தது காய்ந்து, சிமென்ட் பூசியதுபோலப் பட்டையை இறுக்கியிருந்தது.

கோமதி பொரிப் பொட்டலத்தோடு நிதானமாக வந்தார். "நீங்க அந்தக் கீலை நெனச்சு ரொம்ப பயப்படறீங்கன்னு இவர் சொன்னார்ண்ணா, அதான் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கெட்டியா வெச்சேன்."

அன்றிலிருந்து பயப்படுவதை நிறுத்த முடியாவிட்டாலும், அதைக் கஸ்டமரிடம் சொல்வதை அடியோடு நிறுத்திவிட்டேன்.