எங்களது இல்லாத ரோசி

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. ஒரு நாய்க்காக இத்தனை வருஷமா ஒருத்தி கோபம் வைத்திருப்பாள் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். வைத்திருப்பேன். ரோசியைப் பார்த்திருந்தால் அவரும் வைத்திருப்பார்.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், நாங்கள் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. ரோசிக்கு ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும், பிளேன்டீ நிறம். என்ன சாதி நாய் என்று கேட்டால் லயத்து நாய், அவ்வளவுதான். பங்களாவில், தோட்டத்தை நடத்தும் துரைக்கு இரண்டு அல்சேஷன் இருந்தன. அவற்றுக்கு அவித்த இறைச்சி, சோப்புக் குளியல், உண்ணி எடுக்கத் தனி ஆள், காய்ச்சல் என்றால் நுவரெலியாவிலிருந்து வைத்தியர். ரோசிக்கு உண்ணி எடுக்கும் ஆள் அப்பாதான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் குந்தி, அவளைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுவார். என் தலையில் பேன் பார்க்க அம்மாவுக்கு அந்தப் பொறுமை இருந்ததே இல்லை.

அவள் ஒன்றும் சும்மா தின்றவள் இல்லை. காலையில் அம்மாவோடு மலைக்குப் போவாள். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு முன்னால் தேயிலைக்குள் புகுந்து மோந்து பார்த்து வருவாள். ஒருநாள் மழைத் தண்ணி ஓடும் கானுக்குள் படுத்திருந்த சிறுத்தையைக் கண்டு அவள் குரைத்த குரைப்பில்தான் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் தப்பினார்கள்.

அந்த வருஷம் துரையின் நாயை ஏதோ ஒரு லயத்து நாய் கடித்துவிட்டது. லயத்தில் யாரும் நாய் வளர்க்கக் கூடாது, வளர்த்தால் காம்பராவைக் காலி பண்ண வேண்டும் என்று எங்களை வேலை வாங்கும் கண்டாக்கு, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். துரையின் நாய்க்கு லயத்தில் என்ன வேலை என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த வாரமே நாய்களுக்கு விசர் பிடிக்காமல் இருக்கத் தடுப்பூசி போட அரசாங்க ஆட்கள் பெரட்டுக் களத்துக்கு வந்தார்கள். ஊசி போட்ட நாய்க்குக் கழுத்தில் சிவப்புப் பட்டி, வளர்ப்பவர் பெயரில் ஒரு அட்டை. பெயர் என்றதும் லயமே வாயை மூடிக்கொண்டது. யார் யார் நாய் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் இந்த நாடகம் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். பட்டி கட்டிய நாயை இனி யாரும் பிடித்துப்போக முடியாது என்று வந்தவர்கள் சிங்களத்தில் சொன்னார்களாம். நடுவில் நின்று தமிழில் சொல்ல வேண்டிய கண்டாக்கு அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டார். தோட்டத்து லொறி டிரைவர் பின்னால் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நல்லா இருப்பானா அந்தக் கண்டாக்கு!

கண்டாக்கு ரோசியைக் காட்டி அப்பாவிடம் கேட்டார்.

"இது யாரு நாய்?"

"எங்களது இல்லீங்கய்யா. சும்மா லயத்துல சுத்துறது."

ரோசி அப்போது அப்பாவின் கால்மேல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் களத்தில் பொய் சொல்லத் தெரியாதவள் அவள் ஒருத்திதான். எனக்கு வந்த ஆத்திரத்தில், அது எங்கள் ரோசி, அப்பா பொய் சொல்கிறார் என்று கத்திவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் மூன்று நாள் கன்றிப்போய் இருந்தது. கண்டாக்கு பேனையைத் தூக்கிக்கொண்டு, அப்படியென்றால் பெயரை எழுதட்டுமா என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"புள்ள தெரியாம பேசுதுங்க," என்றார் அப்பா. காலை மெல்ல உருவிக்கொண்டார்.

மறுநாள் பட்டி இல்லாத நாய்களையெல்லாம் தோட்டத்து ஆட்கள் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். பிடிக்க வந்தவர்களுக்கும் ரோசி வாலாட்டினாள். லிந்துலைப் பக்கம் காட்டு ரோட்டில் இறக்கிவிட்டதாக டிரைவர் சொன்னார். துரையின் நாய்கள் இரண்டும் சிவப்புப் பட்டியோடு பங்களா வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

நான் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் கூப்பிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். அம்மாதான் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னாள்.

"இருக்கிற வீடே நமக்குச் சொந்தமில்லடி. நாய நம்மளதுன்னு எப்படிச் சொல்றது?"

அப்பாவின் தாத்தா பிறந்த வீடு எப்படி எங்களுக்குச் சொந்தமில்லாமல் போகும்? அம்மாவும் அப்பாவோடு சேர்ந்துகொண்டு புளுகுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா முதல் பஸ்ஸுக்கு எங்கோ போனார். அந்திக்குத்தான் திரும்பி வந்தார். உடம்பெல்லாம் நனைந்து, கால் முழுக்க அட்டைக் கடி. கையில் வெறும் கயிறு ஒன்று மட்டும் இருந்தது. அம்மா என்னென்னவோ கேட்டாள். பதில் சொல்ல அவருக்குக் குரலே எழும்பவில்லை, தொண்டை அப்படிக் கட்டிப்போயிருந்தது. பகல் முழுக்க ஊர் சுற்றிவிட்டு எனக்குத் தின்ன ஒரு பணிஸ்கூட வாங்கி வரவில்லை என்று நான் கோபித்துக்கொண்டு படுத்துவிட்டேன். தொண்டை கட்டும் அளவுக்கு அன்றைக்கு அவர் யாரைக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.