ஒத்துவராத மருந்து

மகளின் பள்ளிக்கூடத்துப் பியோன் நம் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினால் நெஞ்சு திக்கென்கிறது. போன செவ்வாய்க்கிழமை நிறுத்தினார். தறிக்காரர் ஒருவருக்கு நூல் நிறுத்துக்கொண்டிருந்தேன். விளையாடும்போது மகள் துருப்பிடித்த தகரத்தில் காலை வெட்டிக்கொண்டாளாம்... உடனே வரட்டாம்.

யார் வரட்டாம்? அதைச் சொல்லத்தான் மனிதர் தயங்கினார். வகுப்பு டீச்சர் ஊருக்குப் புதுசு; சொல்லி அனுப்பியது பிள்ளையின் உம்மாவை வரும்படி. என் மனைவி குவைத்துக்கு வேலைக்குப் போனது ஊருக்கே தெரியும், பியோனுக்கும் தெரியும். பாவம், சொல்லி விட்டதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்?

தராசை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

முன்பெல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்தியம் வெகு சுலபம். வெட்டுக்காயமா? கோப்பித்தூளை வைத்து அப்பு. தலையிடியா? மேசையில் கவிழ்ந்து படு. வயிற்றுவலியா? பாடம் பாடமாக்காமல் வந்திருக்கிறாய், எழும்பி நில்!

இப்போது பள்ளிக்கூடத்துக்குப் புதிதாய் வந்த அதிபர் சட்டம் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒரு மருந்துக் குளிசைகூடக் கொடுக்கக் கூடாது. காயம் பட்டாலோ காய்ச்சல் வந்தாலோ பிள்ளையைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் என்றால் யார்? சும்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறவர் இல்லை. இதற்கு முன் வந்த நோய் வருத்தங்கள், ஒத்துவராத மருந்துகள் எல்லாம் தெரிந்தவர்தான் பொறுப்பாளர். பெற்றோர் கூட்டத்தில் இதை வாசித்தபோது எழும்பி நின்று பாராட்டிப் பேசியது யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு மைக்கைக் கண்டால் வாய் சும்மா இருக்காதே!

பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். ஆண்களுக்கு வாசல் கேற்றோடு சரி. வெளியே நின்றேன். சுகாதாரம் படிப்பிக்கும் டீச்சர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே இருந்து வந்தார். என் மனைவியோடு ஒன்றாய்ப் படித்தவர், நல்ல மனுசி. ஆனால் சட்டம் சட்டம்தானே... கேள்விகள் தொடங்கின.

அம்மாள் வருத்தம், அதுதான் அம்மை, வந்திருக்கிறதா? வந்த மாதிரித்தான் ஞாபகம். துருப்பட்ட காயத்துக்குப் போடும் ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது? தெரியாது. உலகத்தில் எந்த நாட்டில் எந்த மந்திரி கவிழ்ந்தார் என்று வாரா வாரம் உங்களுக்குச் சொல்கிறவன் நான். என் பிள்ளையின் கையில் எப்போது ஊசி ஏறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒத்துவராத மருந்து ஏதும் இருக்கா காக்கா? ஆஸ்பத்திரியில கட்டாயம் கேப்பாங்க. இந்தக் காயத்துக்கு ஊசி போடாம விடமாட்டாங்க" என்றார் டீச்சர், அண்ணன் முறை வைத்து.

இருக்கிறது. அது நன்றாகவே தெரியும். மகள் தத்தித் தத்தி நடந்த வயதில் ஏதோ ஓர் ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு வாங்கி... மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இன்னொரு தடவை அந்த ஊசியைப் போட்டால் பிள்ளை தப்பாது என்று டொக்டர் சொன்னாராம். அந்த வீங்கிய முகம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மருந்தின் பெயர்? அது மட்டும் வரமாட்டேன் என்கிறது.

யாரிடம் போய்க் கேட்பது? குவைத்துக்குக் கடிதம் போட்டுப் பதில் வரும் வரைக்கும் காயம் காத்திருக்குமா? அடுத்த வீட்டில் இருக்கும் மச்சாளிடம், அதாவது மனைவியின் தங்கையிடம், கேட்கலாம் என்றால் அவ அன்றைக்குப் பார்த்துப் பாலமுனைக்குக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டா. கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. நாங்கள் மாப்பிள்ளையாக வந்து புகுந்தவர்கள். வீட்டுக்காரி இருக்கும்வரை அது நம் வீடுதான். அவள் பிளேன் ஏறிய மறுநாளில் இருந்து நான் அந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருக்கிறேன். மச்சாள் பகல் சோறு அனுப்புவா, மூடி வைத்த பீங்கானில். ருசியான கறி. அதைத் தனியே இருந்து சாப்பிட்டுவிட்டுப் பீங்கானைக் கழுவிக் கொடுத்தனுப்புவேன். மகள் பள்ளிக்கூடம் விட்டால் மச்சாள் வீட்டில்தான், படுக்க மட்டும் வருவாள். ஒரு சொல் கதைக்க ஆள் இல்லை. இதை நான் இதுவரை உங்களுக்குச் சொன்னதில்லை. பத்தியில் எல்லாம் சொல்கிறேன், இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அப்போது மகள் நொண்டிக்கொண்டு வந்தாள். காலில் யாரோ ஒரு பிள்ளையின் முக்காட்டுத் துணி, ரத்தம் ஊறிப்போய். அழுது முடித்த முகம். நான் முழிப்பதைப் பார்த்தாள்.

"பெனிசிலின், டீச்சர்" என்றாள். "எனக்கு அது போடப்படாது. ஏற்பு ஊசி பள்ளிக்கூடம் சேரக்குள்ள போட்ட. அம்மாள் வந்த, கண்ணுக்குள்ள வரல்ல."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். உம்மாதானாம். போவதற்கு முன்பு தினமும் தலை வாரிவிடும்போது, குர்ஆன் சூறா பாடமாக்க வைப்பதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாளாம்.

"வேற ஏதும் இருக்கா மகள்?" என்றார் டீச்சர்.

"தலையிடிச்சா அஸ்பிரின் குடுக்கப்படாது. வயிறு எரியும். இஞ்சி போட்டுப் பிளேன்டித் தேத்தண்ணிதான் குடுக்கணும். கோபம் வந்தா பசி எண்டு அர்த்தம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அது எனக்கில்ல டீச்சர். அது வாப்பாக்கு."

டீச்சர் சிரிப்பை அடக்க முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியிலும் டொக்டர் என்னிடம் கேட்டார், மகள் பதில் சொன்னாள். பெனிசிலினை விட்டுவிட்டு வேறு மருந்து கொடுத்தார். தையலும் போட்டார்கள். தையல் போடும்போது என் விரலை நெரித்தாளே தவிர, வாய் திறக்கவில்லை. எல்லாம் அல்லாஹ்வின் கிருபை, ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வரும்போது பின்னால் கரியரில் இருந்தாள். மனதில் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன்: பிள்ளையிடம் சொன்னதை உம்மா ஏன் என்னிடம் சொல்லவில்லை?

"உங்களுக்கும் சொன்னவ வாப்பா" என்றாள். "நீங்க பத்திரிகைக்கு எழுதிட்டு இருந்தீங்க. ஓம் ஓம் எண்டு சொன்னீங்க."

அதற்குமேல் வீடு வரும் வரைக்கும் நான் சைக்கிளைத்தான் மிதித்தேன்.

அன்று பின்னேரம் எனக்கு நல்ல தலையிடி. வாய் திறந்து சொல்லவில்லை. நெற்றியைத் தடவியதை மகள் கண்டுவிட்டாள். கட்டுப் போட்ட காலைத் தலையணையில் வைத்துப் படுத்திருந்தவள், பிளேன்டி ஊற்றித் தரவா என்று எழும்பப் பார்த்தாள். காலை அசைக்காதே என்று அதட்டிவிட்டு நானே அடுப்படிக்குப் போனேன். இஞ்சி எங்கே, சீனி எங்கே என்று அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் படுத்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெகு நாட்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் இரண்டு பேர் கதைக்கும் சத்தம் கேட்டது.

புதிய அதிபரின் சட்டம் நல்ல சட்டம்தான், இப்போதும் எழும்பி நின்று சொல்வேன். அந்தச் சட்டப்படி பார்த்தால், என்னுடைய பொறுப்பாளர் நாலாம் வகுப்பில் படிக்கிறார்.