எல்லாம் ஏத்தியாச்சு

எங்கள் விமான நிலையத்தில் இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊருக்குள் போவதே இல்லை. ஒரு விமானத்திலிருந்து இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, அடுத்த விமானத்துக்கு எந்த கேட் என்று தேடி ஓடுவார்கள். நான் அந்த கேட்டில் நிற்கிறவள். சீட்டைப் பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும். நேரமானதும் கதவை மூட வேண்டும். மூடிய பிறகு மூச்சு வாங்க வந்து நிற்பவரிடம் வசவு வாங்கிக்கொள்ள வேண்டும். சம்பளம் கடைசி வேலைக்குத்தான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

நான் சொல்ல வந்தது கீழே சாமான் ஏற்றுகிற ஆட்களில் ஒருவரைப் பற்றி. அவரை எல்லாரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு வயதுக்கு வந்த மகள் இருந்தாள், தலையில் பாதிக்கு மேல் நரை. ஆனாலும் மாப்பிள்ளைதான்.

உயிரோடு இருக்கிறவர்கள் மட்டும் விமானம் மாறுவதில்லை. பிழைக்கப் போன இடத்தில் செத்துப்போனவர்களும் எங்கள் வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு விமானத்தின் வயிற்றிலிருந்து இறக்கி, வண்டியில் வைத்துத் தள்ளிப்போய், அடுத்த விமானத்தின் வயிற்றில் ஏற்ற வேண்டும். அப்படி ஒரு பெட்டி வருகிறது என்றால் கீழே இருக்கிற ஒவ்வொருவனுக்கும் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொள்ளும், வயிற்றைக் கலக்கும். மாப்பிள்ளை ஒருவர்தான் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்புவார்.

மற்றவர்கள் வாக்கி டாக்கியில் ‘சரக்கு’ என்பார்கள். இவர் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு, ஆணாக இருந்தால் “மாமா வந்துட்டார்” என்பார். பெண்ணாக இருந்தால் “அத்தை வந்துட்டாங்க” என்பார். இத்தனை மாமாவுக்கும் ஒரே மாப்பிள்ளை, கொடுத்து வைத்தவன் என்று சூப்பர்வைசர் ஒருநாள் கிண்டலடிக்க, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஏன் இதை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறார் என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்பாவைப் பற்றியோ அண்ணனைப் பற்றியோ உருக்கமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “யாராவது தள்ளணும் இல்ல” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

அவர் ஒன்றும் மகான் இல்லை. முசுடு. ஓய்வறையில் குறட்டை விட்டு யாரையும் தூங்கவிட மாட்டார். புதிதாக வந்த ஒருவன் ஒரு பெட்டியின் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டான் என்று அவனோடு பேச்சையே நிறுத்திக்கொண்டவர். அவன் மன்னிப்புக் கேட்டும் முகம் கொடுக்கவில்லை.

நாங்கள் இருந்தது ஒரே குடியிருப்பில்தான், அவர் வீட்டுக்கு மேல்மாடி என் அறை. ஓர் அறை, ஒரு சமையலறை, நடுவில் திரை. அவர் வேலை உடுப்புக்கு மனைவி தனி வாளி வைத்திருந்தார். வாசலிலேயே கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். “பொண்ணு கேட்டு வந்தப்போ ஏர்போர்ட்ல பெட்டி ஏத்தறவர்னு சொன்னாங்க. என்ன பெட்டின்னு எங்கப்பா கேக்கல” என்று அந்த அக்கா என்னிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகம் வாடிவிடும். அந்த அறை, மகளின் பள்ளிக்கூடம், பிழைக்க வந்த அந்த நாட்டில் அவர்கள் இருப்பது, எல்லாமே மாப்பிள்ளையின் கழுத்தில் தொங்கிய பாஸை நம்பித்தான். கீழே வேலை செய்கிறவர் மேலே வந்து பயணியிடம் விமான விஷயம் பேசினால் அந்தப் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிக்கொண்டு சொல்கிற விதி அது.

அன்றைக்கு நடுப்பகல். வெயில் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்தது. என் கேட்டில் முதல் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் தங்கை வயது இருக்கும். கட்டடத்திலிருந்து விழுந்து செத்த கணவனை அழைத்துப்போக வந்தவள். அவள் வாழ்க்கையில் முதல் விமானப் பயணமே பிணத்தை வாங்கத்தான். இரண்டு குழந்தைகளையும் அண்ணன் வீட்டில் விட்டிருந்தாள். அந்த அண்ணன் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். சொந்தபந்தமெல்லாம் வந்து காத்திருக்கிறார்களாம். அவள் எழுந்து என்னிடம் வந்து, “எங்க வீட்டுக்காரர ஏத்தியாச்சாம்மா?” என்று கேட்டாள்.

“எல்லாம் ஏத்தியாச்சும்மா” என்றேன். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். விட்டுப்போயிருந்தால் இறங்குகிற இடத்தில் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அழுகை அங்கே நடந்தால் எங்கள் விமானம் தாமதமாகாது.

அவள் உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் என் வாக்கி டாக்கியில் கீழே நடக்கிற பேச்சு கேட்டது. கடைசி நேரத்தில் கூண்டில் ஒரு நாய் வந்திருக்கிறது. கொழுகொழுவென்று, கூண்டுக்குள் தனிக் காற்றாடியோடு. நாயையும் சவப்பெட்டியையும் ஒரே சரக்கறையில் வைக்கிற வழக்கம் எங்கள் இடத்தில் இல்லை, நாய் வழியெல்லாம் ஊளையிடும் என்பார்கள். அந்தச் சின்ன விமானத்தில் நாய்க்கு ஏற்ற அறை முன்னால் இருப்பது ஒன்றுதான். பின்னறையில் பயணிகளின் சாமான் கூரை வரை அடைத்திருந்தது. நாயை விட வேண்டும், இல்லை கொஞ்சம் சாமானை இறக்க வேண்டும், இல்லை அவள் கணவனை விட வேண்டும்.

எதை ஏற்றுவது என்று முடிவு செய்கிற அதிகாரி கெட்டவர் இல்லை. தினமும் இதே தலைவலி, பழகிப்போனவர். “நாய்க்காரன் புகார் குடுப்பான். சூட்கேஸ்காரங்க அத்தனை பேரும் புகார் குடுப்பாங்க. உங்க மாமா குடுப்பாரா?” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெட்டியை விடுவதென்று முடிவானது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? கடைசியாக வந்த பயணியின் சீட்டைச் சரிபார்த்து உள்ளே அனுப்பினேன்.

விமானத்தின் வாசலில் விட்டுப்போகிற குழந்தை வண்டிகளைக் கீழே எடுத்துப்போக ஆட்கள் பக்கவாட்டுப் படியில் ஏறி வருவதுண்டு. அந்தப் படியில்தான் மாப்பிள்ளை வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. அந்தப் பெண் எந்த இருக்கை என்று என்னிடம் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. உள்ளே போய் அவளை வாசலுக்கு அழைத்து வந்தேன்.

“உங்க வீட்டுக்காரர் இந்த ப்ளைட்ல வரலம்மா. கீழதான் இருக்கார், வண்டியில” என்றார்.

“ஏத்தியாச்சுன்னு சொன்னாங்களே” என்று அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“சொல்லுவாங்க. நாளைக்கு ஏத்தலாம். நாளைக்கும் இதே மாதிரி ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க போறதுன்னா போங்க. தெரியாம போகக் கூடாதுன்னுதான் வந்தேன்.”

அவள் அழவில்லை. நினைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். குழந்தைகள் நிற்பார்கள்.

“அவர விட்டுட்டு நான் மட்டும் போய் இறங்கினா, பிள்ளைங்க அப்பா எங்கன்னு கேக்குமேண்ணா. நான் இங்கயே இருக்கேன்” என்றாள். உள்ளே போய்த் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒரு பயணி இறங்கினால் அவர் சாமானையும் இறக்க வேண்டும். அவள் பையைத் தேட, அடைத்து வைத்ததையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டார்கள். அவ்வளவையும் இழுத்துப் போட்ட பிறகாவது பெட்டியை ஏற்றியிருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும், இழுத்ததை மறுபடி திணித்துக்கொண்டு கிளம்புவதில்தான் எல்லாருக்கும் அவசரம். விமானம் தாமதமாகக் கிளம்பியது. தாமதமானால் விசாரணை வரும்.

விசாரிக்க வந்த அதிகாரி அவளிடம் மரியாதையாகத்தான் பேசினார், தண்ணீர் கூடக் கொடுத்தார். பெட்டி ஏறவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினேன், உதட்டில் விரலை வைத்தேன். அவள் தலை நிமிர்ந்தால்தானே பார்ப்பாள்? “மஞ்சச் சட்டை போட்ட ஒரு அண்ணா வந்து சொன்னார் சார். அவர் பிள்ளைகுட்டியோட நல்லா இருக்கணும்” என்றாள். மனதார வாழ்த்தினாள். அந்த வாழ்த்து அவர் வேலைக்கு உலை வைத்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் அன்று பகலும் இரவும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மாப்பிள்ளையே பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து எல்லாவற்றுக்கும் முன்னால் ஏற்றினார். பிறகு கண்ணாடிக்கு நேர் கீழே வந்து நின்று கையைத் தூக்கிக் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் வரிசையில் வந்து நின்றாள். என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை.

விசாரணையில் என்னைப் பற்றிப் பேச்சே வரவில்லை, அவர் வரவிடவில்லை. வாசலில் யாரும் இல்லை, தானாகத்தான் உள்ளே போய் அவளைக் கூப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறார். பாஸை மேசையில் வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டு வந்தார். அந்த வாரமே அறையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. அக்கா அந்த வாளியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, “நல்ல வாளி, வச்சுக்கோ” என்றார். மகள் யாரோடும் பேசாமல் புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண். அப்பாமேல் அவளுக்கிருந்த கோபம் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

அவர்கள் போன விமானத்துக்கும் கேட்டில் நான்தான். மஞ்சள் சட்டை இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையில், மாப்பிள்ளை யாரோ போல இருந்தார். எத்தனையோ விமானத்துக்குச் சாமான் ஏற்றியவருக்கு வரிசையில் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அக்காவும் மகளும் முன்னால் போய்விட்டார்கள். அவர் கண்ணாடி ஓரம் போய்க் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

நானும் பார்த்தேன். விமானத்தின் இறக்கைக்கு அப்பால், நிழல் இல்லாத இடத்தில், வண்டியில் ஒரு பெட்டி இருந்தது. மேலே போர்த்திய துணி ஒரு பக்கம் அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. சற்று முன்தான் பருத்த ஒரு மனிதர் என்னிடம், “எங்க அக்காவ ஏத்தியாச்சா?” என்று கேட்டிருந்தார். நான் வழக்கமான பதிலைச் சொல்லி அவரை உள்ளே அனுப்பியிருந்தேன். அதை மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

“அத்தை இன்னும் ஏறலையே” என்றார்.

வாக்கி டாக்கியில் கீழே கேட்டேன். இடமில்லை, நாளைக்குப் பார்க்கலாம், நீ கதவை மூடுகிற வழியைப் பார் என்றார்கள்.

“மூடும்மா. உனக்கும் பாஸ் இருக்கு” என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை உள்ளே நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கதவை மூடக் கை வைத்தபோது விமானத்துக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது. விமானப் பணிப்பெண் யாரையோ உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்தப் பருத்த மனிதர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் வாசலில் ஒரு நிமிடம் மாப்பிள்ளை நின்றார். பறிகொடுக்க இனி அவரிடம் பாஸ் இல்லை. பணிப்பெண் விமானத்தின் கதவைச் சாத்திவிட்டாள்.

“எங்க அக்கா எங்க?” என்று அந்த மனிதர் கேட்டார்.

பதில் வாய் வரை வந்துவிட்டது, அவ்வளவு பழகிய பதில். அதை விழுங்கிக்கொண்டு, “கீழ இருக்காங்க. வாங்க, காட்டறேன்” என்று கண்ணாடி ஓரம் அழைத்துப் போனேன். கீழே ஏற்றியிருந்த அவர் சாமானை இறக்கித் தந்துவிட்டு விமானம் புறப்பட்டுப் போனது. வெயிலில் வண்டி மட்டும் நின்றது. அந்தத் துணியையாவது யாராவது சரியாக இழுத்துவிடச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் வாக்கி டாக்கியில் சொன்னேன். இரண்டாவது முறையும் சொன்னேன்.

வெகுநேரம் இருவரும் அங்கேயே நின்றிருந்தோம். வண்டியை நிழலுக்குத் தள்ள யாரும் வரவில்லை.