கட்டிப்போட்ட சுவிட்ச்

தொண்ணூறுகளில் அம்பத்தூரில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். விரல்களில் மரு பரவியது. கோயிலில் உப்பும் மிளகும் போட்டுப் பார்த்தேன், போகவில்லை.

தோல் டாக்டரம்மா கையைப் பிடித்துப் பார்த்தார்.

“இது வைரஸ்பா. தோல் செல்லு அளவுக்கு மேல பெருகாம நிறுத்த, உள்ளேயே ஒரு புரதம் இருக்கு. வைரஸோட புரதம் அதைக் கட்டிப்போட்டுடுது. அப்புறம் செல்லு நிக்காம பெருகுது. அதுதான் மரு.”

எனக்குச் சுருக்கென்றது. கை உள்ளே போகாமல் காக்கிற மூடி திறந்தால் பிரஸ்ஸை நிறுத்துகிற சுவிட்சை, வேலை வேகமாக ஓடட்டும் என்று நானே கயிற்றால் கட்டிவைத்திருந்தேன்.

மறுநாள் கயிற்றை அவிழ்த்தேன். பக்கத்து மெஷின்காரன் பார்த்துவிட்டான்.

“இன்னா மச்சான், பயமா கீதா?”

“ஆமா, கீது.”

மரு உதிர மாதக்கணக்கானது. விரல்கள் பத்தும் இன்னும் இருக்கின்றன.